ஜனாஸாவுக்கு இருக்கும் ஒழுங்கு உயிருக்கு ஏன் இல்லை?

எங்கள் ஊரில் இரவு இரண்டு மணிக்கு ஒருவர் மௌத்தானால் என்ன நடக்கும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். வீட்டார் ஒரே ஒருவருக்குத்தான் அழைப்பெடுப்பார்கள். அவர் மற்றவர்களை எழுப்புவார். குளிப்பாட்டுபவர் வருவார், கபன் துணி வரும், பள்ளிவாசல் அறையிலிருந்து சந்தூக் வரும். ஸுபஹ் தொழுகை முடிந்ததும் ஒலிபெருக்கியில் அறிவித்தல். அதற்குள் மையவாடியில் நாலைந்து பேர் மண்வெட்டியோடு நிற்பார்கள். கபுர் வெட்டும் அந்த மனிதர்கள் எவரிடமும் கூலி கேட்பதில்லை, புகைப்படம் எடுப்பதில்லை, வேலை முடிந்ததும் கை கால் கழுவிக்கொண்டு கடைக்கோ வயலுக்கோ போய்விடுவார்கள். இலங்கையில் முஸ்லிம்கள் வாழும் எந்த ஊருக்குப் போனாலும் இந்த ஒழுங்கைப் பார்க்கலாம்.

அதே மனிதர் அதே இரவு இரண்டு மணிக்கு உயிரோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால்?

சில வருடங்களுக்கு முன் ஒரு றமழானில் இதைக் கண்ணால் கண்டேன். தராவீஹ் தொழுகையில் எனக்கு இரண்டு ஸப் முன்னால் நின்றவர் சரிந்தார். அறுபதைத் தாண்டியவர். நூற்றுக்கணக்கானோர் இருந்தோம். ஒருவர் தொப்பியால் விசிறினார். ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றப் பார்த்தார். ஒருவர் காலைத் தேய்த்தார். சூழ நின்றவர்களை விலகச் சொல்லி ஒருவர் சத்தம் போட்டார், அவரும் விலகவில்லை. யாரோ முச்சக்கரவண்டி கொண்டுவந்து அவரை மடக்கி உள்ளே ஏற்றினார்கள். 1990 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. நெஞ்சை அழுத்தத் தெரிந்த ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இல்லை, இருந்தும் முன்வரவில்லையோ தெரியாது. வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அவரது ஜனாஸா ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

கத்ர் எழுதப்பட்டபடி என்று சொல்லி நாம் ஆறுதலடைகிறோம். அதில் பிழையில்லை. ஆனால் இதயம் நின்றுபோனால் மூளை நாலைந்து நிமிடங்களுக்குமேல் தாங்காது என்பதும், அந்த நிமிடங்களில் பக்கத்தில் நிற்பவர் நெஞ்சின் நடுவே ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டிருந்தால் உயிர் தப்ப வாய்ப்பு உண்டு என்பதும் அதே அல்லாஹ் வைத்த நியதிதான். இதைக் கற்றுக்கொள்ள அரை நாள் போதும்.

டித்வா சூறாவளி கரையைக் கடந்தது 2025 நவம்பர் 28 ஆம் திகதி. நாடு முழுவதும் 600 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. கம்பளைக்குள் மகாவலி புகுந்தது. மாவிலாறு அணைக்கட்டு உடைந்து மூதூர், வெருகல் பகுதிகள் நீருக்குள் போயின. அதன் பிறகு நம்மவர்கள் செய்த பணி சாதாரணமானதல்ல. பள்ளிவாசல்கள் சமையலறைகளாயின. கிழக்கிலிருந்து லொறி லொறியாக இளைஞர்கள் மலையகத்துக்குப் போய், முன்பின் தெரியாதவர்களின் வீடுகளில் முழங்காலளவு சேற்றை அள்ளினார்கள், கிணறு இறைத்தார்கள். முஸ்லிம் வீடு, சிங்கள வீடு, தமிழ் வீடு என்று பார்க்கவில்லை. இந்த மக்களைப் பற்றிப் பெருமைப்படாமல் இருக்க முடியாது.

ஆனாலும் அந்த லொறிகள் எப்போது போய்ச் சேர்ந்தன என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள், நாலாம் நாள், ஒரு வாரம் கழித்து. அதற்குமுன் போக வழியும் இல்லை. பாதைகள் துண்டிக்கப்பட்டிருந்தன, மின்சாரம் இல்லை, பல இடங்களில் தொலைபேசியும் இல்லை. இராணுவமும் கடற்படையும் விமானப்படையும் தம்மால் இயன்றதைச் செய்தன. லுணுவிலவில் மீட்புப் பணியில் இருந்த ஹெலிகொப்டர் விழுந்து விமானி ஒருவர் உயிரையே கொடுத்தார். ஆயினும் ஒரே இரவில் நூறு இடங்களில் மண் சரியும்போது எந்த அரசாங்கத்தாலும் நூறு இடங்களுக்கும் போக முடியாது. முதல் மணித்தியாலத்தில் அங்கே இருக்கக்கூடியவர் அடுத்த வீட்டுக்காரர் மட்டுமே. 2004 டிசம்பர் 26 அன்று மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் இடிபாடுகளுக்குள்ளிருந்து ஆட்களை இழுத்தெடுத்தவர்களும் அடுத்த வீட்டுக்காரர்கள்தான். இருபத்தொரு வருடங்களில் அந்த அடுத்த வீட்டுக்காரருக்கு நாம் என்ன கற்றுக்கொடுத்தோம்? ஒரு கயிறாவது வாங்கிக் கொடுத்தோமா?

2024 நவம்பர் 26 ஐ அம்பாறை மாவட்டத்தில் எவரும் மறக்கமாட்டார்கள். காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் குறுக்கறுத்து ஓடியது. வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் அதில் அடித்துச் செல்லப்பட்டது. பிள்ளைகளின் உடல்களை நாட்கணக்கில் தேட வேண்டியிருந்தது. யார் மீதும் பழிபோட இதை எழுதவில்லை. தண்ணீர் வீதியை மறைத்திருக்கும்போது உழவு இயந்திரம் பாரமானது, போய்விடும் என்று நினைப்பது நம் எல்லோரிடமும் உள்ள பழக்கம். நானும் அப்படி ஏறிப் போயிருக்கிறேன். வேகமாக ஓடும் தண்ணீர் கணுக்காலுக்குச் சற்று மேலே, 15 சென்ரிமீற்றர் அளவு இருந்தாலே வளர்ந்த ஆளை வீழ்த்திவிடும். 30 சென்ரிமீற்றரில் கார்கள் மிதக்கத் தொடங்கும். 60 சென்ரிமீற்றரில் பெரும்பாலான வாகனங்களைத் தள்ளிக்கொண்டு போய்விடும். வெள்ளம் பாயும் ஒவ்வொரு வீதியிலும் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு தொண்டர்கள் கயிற்றைக் கட்டிக்கொண்டு, யாராக இருந்தாலும் விடமாட்டோம் என்று நின்றால் அதுவே பெரிய மீட்புப் பணி. அதற்கு நீந்தத் தெரிய வேண்டியதுகூட இல்லை, பெரிய மனிதர்களிடம் ஏச்சு வாங்கத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீந்தத் தெரிந்தவர்களின் கதை வேறு. மூழ்குபவரைக் கண்டதும் குதிப்பதைத்தான் வீரம் என்று நம் பையன்கள் நினைக்கிறார்கள். மூழ்குபவர் காப்பாற்ற வந்தவரையே பிடித்து அமுக்குவார். இப்படி ஒருவருக்குப் பதில் இருவரை இழந்த குடும்பங்கள் ஆற்றங்கரை, கடற்கரை ஊர்களில் உண்டு. முதலில் தடியையோ சாரனையோ நீட்ட வேண்டும், எட்டாவிட்டால் கயிற்றையோ மூடிய வெற்றுக் கலனையோ எறிய வேண்டும், பிறகு தோணி, தண்ணீரில் இறங்குவது கடைசி. கரைக்கு எடுத்த பிறகும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது என்று ஆளுக்கொரு வைத்தியம். மூச்சில்லாமல் கிடப்பவருக்குத் தேவை உடனடியாக வாயோடு வாய் வைத்துக் கொடுக்கும் மூச்சும் நெஞ்சழுத்தமும். இதை வாசிக்கும்போது எளிதாகத் தெரியும். தாய் அலறிக்கொண்டிருக்க, பிள்ளை முன்னால் கிடக்க, கை நடுங்காமல் செய்வதற்குப் பழக்கம் வேண்டும். கபுர் வெட்டுபவருக்கு முதல் தடவை கை நடுங்கியிருக்கும், ஐம்பதாவது தடவை நடுங்காது.

நமக்கு ஒழுங்காகச் செய்ய வராது என்று யாரும் சொல்லக்கூடாது. ஓட்டமாவடி இருக்கிறது. கொவிட் காலத்தில் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது இந்தச் சமூகம் பட்ட வேதனையை இங்கே திரும்ப எழுதத் தேவையில்லை. 2021 மார்ச்சில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தபோது நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் ஜனாஸாக்கள் மஜ்மா நகருக்கு வரத் தொடங்கின. ஏறத்தாழ ஓராண்டு காலம் அது ஓயவில்லை. 3,600 க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் இந்து, பௌத்த, கிறிஸ்தவ சகோதரர்களும் உள்ளனர். கோறளைப்பற்று மேற்கு பிரதேச சபையும் அவ்வூர்த் தொண்டர்களும் அந்தப் பாரத்தைச் சுமந்தார்கள். வெயிலில் பாதுகாப்பு உடைக்குள் வியர்வையில் நனைந்துகொண்டு, தமக்கும் தொற்றிவிடுமோ என்ற பயத்தோடு, தம் வீட்டாரிடமிருந்தே விலகி நின்று.

அந்தப் பணி ஏன் வெற்றி பெற்றது என்பதைத்தான் நாம் படிக்கவில்லை. உணர்ச்சி மட்டும் காரணமென்றால் இரண்டு வாரத்தில் ஓய்ந்திருக்கும். சுகாதார அமைச்சின் வழிகாட்டல் எழுத்தில் இருந்தது. பாதுகாப்புத் தரப்பினர் உடன் நின்றார்கள். உள்ளூராட்சி மன்றம் பொறுப்பை ஏற்றிருந்தது. இடம் ஒன்று, நடைமுறை ஒன்று, வந்து நிற்க வேண்டியவர் யார் என்பது தெரியும். போகிற வருகிறவர்கள் எல்லோரும் உள்ளே புகுந்து உதவி செய்ய முடியாது. எந்த ஜமாஅத், எந்தக் கட்சி என்ற கேள்விக்கு அங்கே இடமிருக்கவில்லை. மரணித்தவர்களுக்காக இவ்வளவையும் கட்டியெழுப்பிய சமூகம், உயிர் பிழைக்க வேண்டியவர்களுக்காக அதில் பாதியையாவது செய்யலாம்.

இப்போது நம் ஊர்களில் அனர்த்தம் வந்தால் என்ன நடக்கிறது? முதலில் ஒரு வட்ஸ்அப் குழு திறக்கப்படும். இரண்டு மணித்தியாலத்தில் அது நாலு குழுவாகும், ஏனென்றால் ஒரு ஜமாஅத்தின் குழுவில் இன்னொரு ஜமாஅத்தார் இருக்க விரும்புவதில்லை. பிறகு பதாகை அச்சடிக்கப்படும். லொறிக்கு முன்னால் படம் எடுக்கப்படும். ஒரே முகாமுக்கு மூன்று அமைப்புகள் பகல் சாப்பாடு கொண்டுபோகும், பக்கத்துத் தோட்ட லயத்துக்கு ஒன்றும் போகாது. பழைய உடுப்புகள் மலைபோல் குவியும். முதல் ஆறு மணித்தியாலம் கூரையில் நின்று கையசைத்தவர்களுக்கு இவற்றில் எதுவும் உதவவில்லை. சற்றுக் கடுமையாகத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தப் பதாகைகளில் சிலவற்றுக்கு நானும் வாசகம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தொண்டர் அணி என்றால் படகும் ட்ரோனும் என்று நினைக்க வேண்டாம். அதில் அதிகம் பயன்படும் பொருள் பெரும்பாலும் ஒரு கொப்பியாக இருக்கும். நம் மஹல்லாவில் இன்சுலின் போடுபவர்கள் யார், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் சிறுநீரக நோயாளிகள் யார், வீட்டில் ஒட்சிசன் வைத்திருப்பவர் யார், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, எந்த வீட்டில் எழுந்து நடக்க முடியாத உம்மம்மா தனியாக இருக்கிறார், இந்த விவரங்கள் குடும்பநல உத்தியோகத்தருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் துண்டு துண்டாகத் தெரியும். ஒரே இடத்தில் எழுதி, வீட்டாரின் விருப்பத்தோடு, நம்பிக்கையான ஒருவர் பொறுப்பில் வைத்திருந்தால் தண்ணீர் ஏறும் இரவில் எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று தெரியும். கண்டவரெல்லாம் வட்ஸ்அப்பில் போடும் பட்டியலாக அது மாறினால் அதைவிடப் பெரிய அநியாயம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இரண்டாவது, ஒலிபெருக்கி. டித்வா நேரத்தில் எச்சரிக்கைகள் தமிழில் போதியளவு வரவில்லை என்ற குறை பரவலாகப் பேசப்பட்டது. அரசாங்கம் அதைத் திருத்த வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் வெளியிடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஐத் தாண்டினால் தயாராகு, 150 ஐத் தாண்டினால் வெளியேறு என்பதே பொதுவான அளவுகோல். ஒரு மணித்தியாலத்தில் மட்டும் 75 மில்லிமீற்றர் கொட்டினாலும் வெளியேறத்தான் வேண்டும். அக்குறணை, கம்பளை, மாவனெல்லை போன்ற ஊர்களில் ஒவ்வொரு பள்ளிவாசலிலும் ஒரு மழைமானியும், சிங்கள அறிவித்தலை வாசித்து உடனே தமிழில் சொல்லக்கூடிய ஒருவரும் இருந்தால் நள்ளிரவில் ஓர் ஊரையே எழுப்பலாம். பாங்கு சொல்லும் ஒலிபெருக்கி அதற்குப் பயன்பட்டால் பக்கத்துச் சிங்களவரும் தமிழரும் முறைப்பாடு செய்யமாட்டார்கள். அறிவித்தலைச் சிங்களத்திலும் திரும்பச் சொல்ல வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. முகாம்களில் இருப்பவர்களில் பெரும்பங்கினர் பெண்களும் பிள்ளைகளும். மாதவிடாய்க்குத் தேவையானதை ஓர் இளைஞனிடம் கேட்கும் நிலைக்கு எந்தத் தாயையும் தள்ளக்கூடாது. காயப்பட்ட பெண்ணுக்குக் கட்டுப் போட ஆண்கள் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கத்தில் நேரம் போகிறது. நபியவர்களின் காலத்தில் ருபைதா அல்அஸ்லமிய்யா (ரழி) அவர்களின் கூடாரம் மஸ்ஜிதுந் நபவியில் இருந்தது, அகழ்ப் போரில் காயப்பட்ட ஸஃத் இப்னு முஆத் (ரழி) அங்கேதான் பராமரிக்கப்பட்டார் என்று ஸீறா நூல்கள் சொல்கின்றன. நாம் மகளிர் தினத்தில் இதை மேடையில் சொல்கிறோம், பயிற்சி வகுப்பு வைக்கும்போது பெண்களுக்கு அழைப்பனுப்ப மறந்துவிடுகிறோம். ஊரில் எத்தனை தாதியர், எத்தனை ஓய்வுபெற்ற மருத்துவமாதுகள், எத்தனை மருத்துவ பீட மாணவிகள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்த பள்ளிவாசல் நிர்வாகம் உண்டா?

இனி, பலர் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பயம். 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு முஸ்லிம் இளைஞர்கள் ஒரே உடுப்பில் ஒன்றுகூடினாலே சந்தேகத்தோடு பார்த்த நாட்கள் இருந்தன. 2021 ஏப்ரலில் 11 அமைப்புகள் தடைசெய்யப்பட்டன. சிலவற்றின் மீதான தடை பின்னர் நீக்கப்பட்டது. இதற்குள் பிள்ளையை ஓர் அணியில் சேர்க்கப் பெற்றோர் தயங்குவது கோழைத்தனமல்ல. அதற்கு மறுமொழி மறைந்து செய்வதோ செய்யாமல் விடுவதோ அல்ல. 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இயங்குகிறது, அதன் 117 இலக்கம் எந்நேரமும் திறந்திருக்கிறது. கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்டத்தில் அனர்த்த முகாமைத்துவக் குழுக்கள் இருக்க வேண்டும் என்பது அரசின் ஏற்பாடு. பல ஊர்களில் அந்தக் குழு காகிதத்தில் தூங்குகிறது. தனியாக ஒரு முஸ்லிம் அணியை உருவாக்குவதைவிட அந்தத் தூங்கும் குழுவை எழுப்பி, அதற்குள் நம் பிள்ளைகளையும், பன்சலைக்கும் கோவிலுக்கும் போகும் பிள்ளைகளையும் சேர்ப்பதே புத்தி. பயிற்சிக்கு இலங்கை செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸ் அமைப்பும் இருக்கின்றன. அவர்கள் தரும் சான்றிதழும் பிரதேச செயலகத்தில் உள்ள பெயர்ப் பதிவும் அனர்த்த இரவில் வீதித்தடையைத் தாண்டிப் போக உதவும். பள்ளிவாசலின் பெயர் முதுகில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் பதாகை அணியிலேயே இருந்துகொள்ளட்டும்.

செலவைப் பற்றிப் பேசுவோர் உண்டு. பத்து உயிர்காப்பு அங்கி, நூறு மீற்றர் நல்ல கயிறு, இரண்டு மடிக்கும் தூக்குப்படுக்கை, தலைவிளக்குகள், ஒரு சிறிய மின்பிறப்பாக்கி. பல ஊர்களில் ஒரு மீலாத் விழாப் பந்தலுக்கு ஆகும் செலவைத் தாண்டாது. அதைவிடச் சிரமமானது தொண்டர்களைப் பாதுகாப்பது. வெள்ளச் சேற்றில் வெறுங்காலோடு நாட்கணக்கில் நிற்பவருக்கு எலிக்காய்ச்சல் வரும், அது உயிரையும் எடுக்கும். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேட்டு, தகுந்தவர்களுக்கு முன்தடுப்பு மருந்து எடுத்த பிறகே இறங்க வேண்டும். திரும்பி வந்து காய்ச்சல் என்றால் பனடோலோடு படுத்திருக்கக்கூடாது. காயப்பட்டால் யார் பார்ப்பது, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் என்ன ஆவது, இறந்த குழந்தையைத் தூக்கியவன் ஒரு மாதமாகத் தூங்கவில்லை என்றால் யாரிடம் கூட்டிப்போவது என்ற கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை இல்லாத அணி ஒரு வெள்ளத்தோடு கலைந்துவிடும்.

இந்தப் பணி அனர்த்தத்துக்காக மட்டும் காத்திருந்தாலும் கலைந்துவிடும். இடையில் செய்வதற்கு வேலை வேண்டும். தேசிய இரத்த வங்கிக்கு நாலு மாதத்துக்கு ஒரு தடவை இரத்ததானம், ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் வாசலில் இரத்த அழுத்தம் பார்ப்பது, நோன்பு காலத்தில் நீரிழிவு நோயாளிகளைக் கவனிப்பது, பாடசாலைப் பிள்ளைகளுக்கு நெஞ்சழுத்தம் சொல்லிக் கொடுப்பது என்று மாதத்துக்கு ஒரு வேலையாவது இருந்தால் அணி உயிரோடு இருக்கும், ஊருக்கும் அவர்களின் முகம் பழகும். வடகீழ் பருவமழை வழக்கப்படி டிசம்பரில் தொடங்குகிறது, அதற்கு முந்திய ஒக்டோபர், நவம்பர் மாதங்கள்தான் புயலின் காலம்.

சென்ற மாதம் எங்கள் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் பின் பெயர் கேட்டோம். அறிவித்தல் பலகையில், ஜனாஸாவுக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி இலக்கங்கள் இருக்கும் தாளுக்குப் பக்கத்தில், வெற்றுத்தாள் ஒன்றை ஒட்டினோம். மூன்று வாரத்தில் பதினேழு பெயர்கள். முதல் நாலு பேரும் கபுர் வெட்டுகிறவர்கள்.